வாய்தா போடாத நீதிபதி

நீதிபதி வேலை என்றால் தீர்ப்புச் சொல்வது என்று நினைக்கிறீர்கள். இல்லை, காலை முதல் மாலை வரை பிறர் பேச்சைக் கேட்பது. வீட்டிலும் ஆபீசிலும் அதே தண்டனையை அனுபவிக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். எனக்கு ஓர் ஆசை இருந்தது: தலைமை நீதிபதி ஆகவேண்டும். மறைப்பானேன்? சீனியாரிட்டியில் இரண்டாவது இடம் வரை வந்தும்விட்டேன்.

நம்ம ஊட்டுச் சோறு

1950-களில் திருப்பூரில் வக்கீலாக இருந்தேன். என் தாய்மாமனுக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி. என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். சங்கம் வைத்தார் என்று ஒரு கட்டிங் மாஸ்டரை அவர் வேலையைவிட்டு நிறுத்த, அந்த மாஸ்டருக்காக நான் ஆஜரானேன். சொந்தபந்தம் முழுக்க என் முகத்தில் முழிக்கவில்லை. மாமா மட்டும் கோர்ட் வாசலில் மரியாதையாகத்தான் கேட்டார்:

"ஏனுங்க மாப்பிள்ளை, நம்ம ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு நம்மளையே கூண்டுல ஏத்தறீங்களே, இது நாயமுங்களா?"

எண்ணெய் டின்

நீதிபதியாகிச் சென்னைக்கு வந்த பிறகும் ஊர் என்னை விடவில்லை. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு சொந்தக்காரர், தன் கேஸ் என் முன்னால் வருகிறது என்று தெரிந்து, தேங்காய் எண்ணெய் டின்னோடு வந்து நின்றார். டின்னோடு அவரைத் திருப்பி அனுப்பினேன். கேஸையும் வேறு நீதிபதிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். படியிறங்கும்போது அவர் என் டவாலிச் சேவகரிடம் கேட்டது காதில் விழுந்தது:

"ஜட்ஜ் ஆயிட்டா தலைக்கு எண்ணெய் வெக்கக் கூடாதுன்னு சட்டமுங்களா?"

மத்தவங்க எங்கே?

நெருக்கடி நிலைக் காலம். திருப்பூர்ப் பனியன் தொழிலாளி ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பல வாரமாகத் தகவல் இல்லை. அவர் மனைவி ஆயிஷா ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். இதையெல்லாம் இப்போது கோர்ட் கேட்கவே கூடாது என்றார் அரசு வக்கீல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்றுகூடக் கேட்க முடியாதென்றால் இந்த நாற்காலி எதற்கு? மதிய இடைவேளையில் அந்த அரசு வக்கீல் என் அறைக்கு வந்து, "இன்றைக்கு ஒரு வாய்தா போடுங்கள், தலைமை நீதிபதி பதவி உங்களுக்குத்தான்" என்று குழைந்தார். மறுநாளே ஆளைக் கொண்டுவர உத்தரவு போட்டேன்.

கொண்டுவந்தார்கள். மனிதர் நொண்டிக்கொண்டு வந்தார். விடுதலை என்றேன். ஆயிஷா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்:

"இவரு வந்துட்டாருங்க ஐயா. இவருகூடப் பிடிச்சுட்டுப் போன மத்தவங்க எங்கீங்க?"

மாற்றல்

அந்தக் கேள்வியையே மனுவாக எடுத்துக்கொண்டு எல்லோரையும் கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் வந்தார்கள், பின்னாலேயே எனக்கு மாற்றலும் வந்தது, வடக்கே, பாஷை தெரியாத ஊருக்கு. இந்த மாற்றல் என் சம்மதத்தோடுதான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் சீக்கிரமே திரும்பிவிடலாம், பதவியும் கிடைக்கும் என்றார் சக நீதிபதி. வீட்டுக்கு வந்து அதை ஆத்திரமாகச் சொன்னேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்தக் குளிருக்கு நம்மூருப் பனியன் பத்தாதுங்க, ஸ்வெட்டர் வாங்கிக்கலாம், கையெழுத்து மட்டும் போட்றாதீங்க."

கையெழுத்தும் போடவில்லை, தலைமை நீதிபதியும் ஆகவில்லை. போய்ச் சேர்ந்த முதல் நாளே அந்த ஊர் அரசு வக்கீலுக்கும் வாய்தா தர மறுத்ததுதான் மிச்சம்.