என்னைக் கேட்காமல் கழற்றிய டிஸ்க்குகள்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் என் கோபம் புரியும். இல்லாவிட்டால் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கா இந்த மனுஷன் இப்படிக் குதிக்கிறான் என்று தோன்றும்.

திருக்காட்டுப்பள்ளியில் குடியிருக்கிறேன், பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வரலாறு நடத்துகிறேன். என் பாடக் குறிப்புகள் எல்லாம் யூனிகோடு வருவதற்கு முந்தைய ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துருவைப் பிழையில்லாமல் வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்றுதான் உண்டு. அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். அது விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும். ஆங்கிலம் படிக்கிற குரல் அதற்கும் பழையது, விண்டோஸ் இரண்டாயிரத்தில்தான் ஓடும். இணையத்துக்கு விண்டோஸ் ஏழு. மூன்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பார்த்தபோது ஒன்று வந்ததும் இன்னொன்றின் வாய் அடைத்துப் போனது. அதனால் மூன்று தனி டிஸ்க் வாங்கினேன். எது வேண்டுமோ அதை மட்டும் ஒயரில் மாட்டுவேன். தடவினாலே எது எதுவென்று தெரிய, இரண்டாயிரத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு, எக்ஸ்பிக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று. கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைப் பல வருடமாக நான் மாட்டியதே இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. எனக்கு, யார் தயவும் இல்லாமல் நானே படிக்கிற ஒரே வழி.

பொங்கலுக்கு அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம், மனசும் நல்ல மனசுதான். மாட்டுப் பொங்கலன்று நான் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். மேசையில் கை வைத்தால் கேபினட் மூடி இறுக்கமாக மூடியிருந்தது.

"உக்காருங்க சித்தப்பா. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான். "அந்த மூணு டிஸ்க்கையும் கழட்டிட்டேன். ஒரே புது டிஸ்க், லேட்டஸ்ட் விண்டோஸ். உங்க ஃபைல் எல்லாம் இதுல காப்பி பண்ணியாச்சு. தமிழும் பேசும், கேளுங்க."

சோழர் நிர்வாகம் பாடத்தைத் திறக்கச் சொன்னேன். புதுக் குரல் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் ஏதோ குறிகளின் பெயர்களைக் கணீரென்று படித்தது: "ஏ டில்டே, சென்ட், யென், ஒன் ஹாஃப்." ராஜராஜன் கேட்டிருந்தால் ராஜ்ஜியத்தையே துறந்திருப்பான்.

"அது பழைய ஃபான்ட் சித்தப்பா, கன்வெர்ட் பண்ணிடலாம்" என்று ஒரு மணி நேரம் முட்டினான். பாதி எழுத்து வந்தது, பாதி வேறு எழுத்தாக வந்தது. பழைய டிஸ்க்குகளைக் கொடு என்றேன்.

"மூணையும் சுத்தமா அழிச்சு ஃபார்மட் பண்ணிட்டேனே. பேக்கப்புக்கு ஆகும்ல?"

கையில் வாங்கித் தடவினேன். மூன்றும் ஒன்றுபோல வழவழவென்று இருந்தன. சூட்டில் உருகிவிடும் என்று ரப்பர் பேண்டுகளையும் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தான்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை ஒரு தர்மவான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றி, சீட்டும் பிடித்துக் கொடுத்து, "பத்திரமா போங்க சார்" என்றார். வண்டி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, அது கும்பகோணம் பஸ். எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கு வந்த அதே எரிச்சல் இப்போது பத்து மடங்காக வந்தது. திட்ட வாய் திறப்பதற்குள் அவன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, திருப்புதல் தேர்வுக்கு நடத்த வேண்டும், என் குறிப்பில் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியாது.

மறுநாள் காலை விண்டோஸும் குரல் மென்பொருள்களும் இருந்த பழைய சிடிகளைத் தேடி எடுத்தேன். ஒரு கொடுமை என்னவென்றால், கண் தெரியாதவனுக்குப் பேசுகிற மென்பொருளைப் போட வேண்டுமானால் முதலில் விண்டோஸைப் போட வேண்டும், அதைப் போடுகிற வரைக்கும் கம்ப்யூட்டர் பேசாது. ஆக, என் மனைவி திரை முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொல்ல, நான் சாவிகளை அமுக்கினேன். வெளியே வயலில் சம்பா அறுக்கும் மெஷின் இரைச்சலில் அவள் கத்திப் படிக்க வேண்டியிருந்தது.

"இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது. சம்மதம்னா எல் அமுக்கணுமாம்."

"பாத்தியா? மெஷினு. அதுக்கு இருக்கிற மரியாதைகூட அந்தப் பயலுக்கு இல்ல. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டானா?"

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கேட்டான்ங்க" என்றாள். "என்கிட்ட கேட்டான். சித்தி, எல்லாத்தையும் மாத்திடட்டுமா, சித்தப்பாவுக்கு ஈசியா இருக்கும்னான். மாத்துப்பான்னு சொல்லிட்டேன்."

ஓட்டலில் சர்வர் அவளைப் பார்த்துத்தான் "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பான். டாக்டர் அவளிடம்தான் "இவருக்கு எத்தனை நாளா காய்ச்சல்?" என்பார். அப்போதெல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் கோபம் வரும். அவளே இப்படிச் செய்தது எனக்குத் தாங்கவில்லை. "நீயுமா?" என்று மட்டும் கேட்டேன். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் சமாதானம் சொல்லவில்லை. எல் சாவியைத் தேடி அமுக்கினேன்.

ஞாயிறு மாலைக்குள் மூன்று டிஸ்க்கும் தயாராகிவிட்டன, புது டிஸ்க்கிலிருந்த குறிப்புகளையும் திரும்பக் காப்பி செய்தாயிற்று. அவள் சமையலறையிலிருந்து ரப்பர் பேண்டுகளைக் கொண்டுவந்து, "எதுக்கு எத்தனைன்னு நீங்களே போடுங்க" என்று என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு பேண்டு போட்ட டிஸ்க்கை மாட்டினேன். மூக்கால் பேசுகிற அந்தப் பழைய குரல், "சோழர் நிர்வாகம், பாடம் ஒன்று" என்றது.

அடுத்த வாரம் அவளுடைய போனில் அண்ணன் மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் கேட்டது. "சித்தி, சித்தப்பா எப்படி இருக்கார்? புதுசு பழகிட்டாரா?"

"பக்கத்துலதான் இருக்கார். அவர்கிட்டயே கேளு" என்று போனை என் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்க சித்தப்பா" என்றான்.

சொன்னேன். கால் மணி நேரம் சொன்னேன்.