இருபத்திரண்டு அலை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இவர் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். ஜன்னலால் கடல்காற்று வந்துகொண்டிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து இவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை மெதுவாக எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது... உதடும் சேர்ந்து அசைந்தது. இருபது, இருபத்தொன்று...

இருபத்திரண்டில் கை நின்றுவிட்டது. அத்துடன் ஒரு பெருமூச்சு.

வேறு வீடு என்றால் பயந்துபோய் டொக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. இந்த மனிதர் வருடக்கணக்காக நித்திரையில் அலை எண்ணுகிறார்.

'இவர்' யார் என்று கேட்கிற புது வாசகர்களுக்கு — என் வீட்டுக்காரர். மசூத் சேர் என்றால் கல்முனைக் கரையில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் மல்யுத்தப் பயிற்றுநர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். பழைய மாணவர்கள் பாராட்டு விழா வைக்கிறோம் என்றார்கள். மேடையில் வாசிக்க 'சேரின் சாதனைகள்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பத்தி எழுதுகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே ஆள் தேடுவார்களா என்ன?

எழுதினேன். கிரிக்கெட்டையும் உதைபந்தையும் விட்டால் வேறு விளையாட்டே இல்லை என்றிருந்த ஊரில், முதல் வருடம் வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர், மல்யுத்தம் என்றால் சும்மா அடிபிடி என்று நம்பி வந்தவர்கள். முழங்கால் தெரிகிற உடுப்பு என்று பள்ளிவாசல் பெரியவர்கள் முகம் சுளித்தபோது, முழங்காலுக்குக் கீழ்வரை கறுப்புக் காற்சட்டை தைத்துக் கொடுத்தவள் நான். இதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை — அவ்வளவு அடக்கம். அந்த ஆறு பேரில் தொடங்கி, அகில இலங்கைக் கேடயம் நான்கு முறை. தேசிய அணிக்கு மூன்று பேர். வெளிநாட்டில் ஒரு வெண்கலம்.

அந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இவர் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்டு விடுபட்டுப் பெய்த்து."

"என்னது?"

"றிஸ்விட கதை."

நான் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இவருடைய பழைய மாணவன் றிஸ்வியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கல்லூரியில் மல்யுத்த மெத்தை இல்லை. மண்டபமும் பாதிதான் மிஞ்சியிருந்தது. இவர் பிள்ளைகளைக் கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போனார். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். நேரம் பார்ப்பது எப்படி? இவர் மணலில் இறங்கிப் பிடித்துக் காட்டுகிற ஆள், கையில் மணிக்கூடு கட்டமாட்டார். ஒருநாள் என்னுடைய மணிக்கூட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். மூன்று நிமிடத்துக்குச் சரியாக இருபத்திரண்டு அலை.

அவ்வளவுதான். அன்றிலிருந்து இருபத்திரண்டு அலை என்றால் ஒரு ரவுண்டு.

"மணிக்கூட்டப் பாக்கிறவன் எதிராளிய உட்டுருவான். காதால எண்ணுங்கடா," என்பார்.

அந்தப் பின்நேரங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் சொக்கிப்போகிறது. கரையில் ஏற்றிவைத்த தோணியில் நான் தேநீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருப்பேன். எட்டுச் சோடிப் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் மணலில் பின்னிக் கிடப்பார்கள். கடல் மட்டும் வந்து வந்து போகும். இருபத்திரண்டாவது அலை உடையும்போது, யாரும் விசில் ஊதாமலே, பதினாறு பேரும் ஒன்றாகக் கையை விடுவார்கள். பார்க்கிற எனக்கு எது கடல், எது பிள்ளைகள் என்று தெரியாமல் போகும். ஒரு பயிற்சி அவ்வளவு அழகாக இருக்கலாமா?

இருக்கக் கூடாதோ என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

வழக்கமாகப் போட்டி வருட நடுவில் வரும். றிஸ்வி அணியில் இருந்த வருடம் நாட்டு நிலைமையால் தள்ளிப்போய் மார்கழிக் கடைசியில் வைத்தார்கள். ஆகவே இரண்டு மாதமாக வாடைக்காற்றில்தான் பயிற்சி. மழை, குளிர், இரைச்சல். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே எண்ணினார்கள். இருபத்திரண்டு வந்ததும் சந்தோசமாகக் கையை விட்டார்கள்.

கொழும்பில் இறுதிப்போட்டி. கல்லூரி அதுவரை கேடயத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. கடைசிச் சோடியில் றிஸ்வி வென்றால் கேடயம் எங்களுக்கு. கடைசி ரவுண்டில் றிஸ்வி ஒரு புள்ளி முன்னால். எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டிக் கீழே அமுக்கி வைத்திருக்கிறான். இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை, முடியும் வரை பிடித்திருந்தால் போதும்.

றிஸ்வி கையை விட்டான்.

தானாக விட்டான். சிரித்துக்கொண்டு எழும்பப் பார்த்தான். மற்றப் பையன் ஒரே புரட்டு. இரண்டு புள்ளி போனது, கேடயமும் போனது. முடிய இன்னும் முக்கால் நிமிடத்துக்கு மேலே இருந்தது.

பஸ்ஸில் யாரும் அவனோடு கதைக்கவில்லை. ஊருக்கு வந்து சேர்வதற்குள் பட்டப்பெயர் முந்திக்கொண்டது — 'விட்டான் றிஸ்வி'.

ஏன் விட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. "முடிஞ்சி எண்டு நினைச்சன் சேர்," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வருடம் கட்டாரில் இருக்கிற பழைய மாணவன் ஒருவன் இவருக்கு ஒரு ஸ்டொப்வொச் அனுப்பினான். வாடைக்காலம். இவர் சும்மா ஆசைக்கு அதை அழுத்திவிட்டு அலையை எண்ணியிருக்கிறார். இருபத்திரண்டாவது அலையில் பார்த்தால், மூன்று நிமிடம் ஆகவில்லை. நாற்பத்தெட்டு செக்கன் குறைவு.

இவர் முதலில் இருபத்திரண்டு எண்ணியது, அலை ஆறுதலாக வருகிற கச்சான்காற்றுக் காலத்தில். வாடையில் அலை நெருங்கி நெருங்கி வரும். கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளை இரண்டு மாதம் பழகியதைத்தான் கொழும்பிலும் செய்தான். தப்பு அவனுடையதில்லை, இவருடையது.

தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. "நாளைக்கு அசெம்பிளியில சொல்லப் போறன்," என்றார்.

வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

புது அதிபர், மல்யுத்தம் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பயிற்றுநரே பிழை விட்டார் என்று தெரிந்தால் அணியைக் கலைத்துவிடுவார் என்று பயந்தேன். "இந்த வருசம் கேடயம் கிடைக்கட்டும், மறுகா சொல்லுங்க," என்றேன். கேடயம் கிடைத்தது. அந்த 'மறுகா' மட்டும் வரவேயில்லை. ஒரு கேடயத்துக்குப் பின்னால் இன்னொன்று வரவர, சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

றிஸ்வி இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். பசாரிலிருந்து மீனும் மரக்கறியுமாக நான் எத்தனையோ தடவை அதில் வந்திருக்கிறேன். "ஏறுங்க டீச்சர்," என்று பையை வாங்கி வைப்பான் — சேரின் மனைவி என்றால் பிள்ளைகளுக்கு டீச்சர்தான். ஓட்டோத் தரிப்பிடத்தில் மற்றவர்கள் "டேய் விட்டான்," என்று கூப்பிட்டால், தாய் வைத்த பெயரைக் கேட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பான். நான் பின்சீட்டில் தலையைக் குனிந்துகொள்வேன். வேறென்ன செய்ய?

எனவே வெள்ளிக்கிழமை, அதை மேடையில் நானே சொல்லட்டுமா என்று இவர் கேட்டபோது, "விழாவில போய் இத என்னத்துக்கு..." என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

"ஓம். சொல்லுங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மண்டபம் நிறைந்திருந்தது. என் இரண்டு பக்கத்தையும் யாரோ நல்ல குரலில் வாசித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு இவர் எழும்பினார். பழைய ஸ்டொப்வொச்சை மேசையில் வைத்துவிட்டு, அலைக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். முதலில் சிலர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது.

"றிஸ்வி கைய உடல்ல. நான்தான் உட வெச்சன். அது தெரிஞ்ச நாளையில இருந்து வாயப் பொத்திக்கிட்டு இருந்திட்டன்," என்று முடித்தார்.

வாயைப் பொத்தச் சொன்னவள் பெயரை இவர் மேடையில் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே நான் சொல்கிறேன்.

கடைசி வரிசையில் றிஸ்வி எழும்பி நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இத அப்பவே சொல்லிரிக்கலாமே சேர்."

"சொல்லிரிக்கணும்."

"என்ட மகன் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான். அவனுக்கு வெச்சிரிக்கிற பேரு என்ன தெரியுமா? விட்டான்ட மகன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கக்கூட இவருக்கு வெட்கமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தின செக்கன் எண்டு சொன்னீங்க?"

"நாப்பத்தெட்டு."

றிஸ்வி நடந்து வந்தான். மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றினான், மெத்தையில் ஏறுவதற்கு முன் கழற்றுவது மாதிரி. ஏறி வந்து ஸ்டொப்வொச்சை எடுத்து, முன்வரிசையில் இருந்த என் கையில் குனிந்து கொடுத்தான்.

"டீச்சர், நேரம் புடிங்க. மிச்சத்த முடிச்சிருவம்."

பொன்னாடையோடு நின்ற இவரை, இடுப்பைச் சுற்றி, இரண்டு கையாலும் பூட்டிப் பிடித்தான். மல்யுத்தப் பிடிதான். சந்தேகமே இல்லை. இவரும் காலை அகட்டி நின்றுகொண்டார் — பழக்கதோசம். பிறகு இவருடைய கை மெதுவாக எழும்பி அவனுடைய முதுகில் விழுந்தது.

பின்னாலிருந்து யாரோ "ஒண்டு..." என்றார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் சிலர் சேர்ந்து, "ரெண்டு..." தலை நரைத்தவர்கள், வயிறு வைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் — அந்த மணலில் புரண்ட அத்தனை பேரும் எண்ணினார்கள். வாடைக்கால எண்ணிக்கை இல்லை. கச்சான் காலத்துக் கடலின் எண்ணிக்கை, ஆறுதலாக, ஒவ்வொன்றும் வந்து உடைந்து திரும்பிப் போகும் வரை பொறுத்து. மண்டபத்துக்குள் கடல் வந்துவிட்டது. இந்தத் தடவை யாரையும் பயப்படுத்தவில்லை.

ஆறாவது அலையோடு எல்லோரும் நிறுத்தினார்கள். குனிந்து பார்த்தேன். நாற்பத்தொன்பது.

ஐம்பத்தைந்து... எழுபது... றிஸ்வி விடவில்லை.

நானும் ஸ்டொப்வொச்சை நிறுத்தவில்லை.