கக்குவான் ஊசி வேண்டாமென்று எழுதிய நர்ஸ்

நெஸ்டா பாரி ஊசி குத்தாத தொடை இந்த ஊரில் கிடையாது என்று சிலேட்டுக் குவாரிக்காரர்கள் கேலி பேசுவார்கள். பெரிய பொய்யும் இல்லை அது. வடக்கு வேல்ஸின் இந்த மலையூருக்கு அவள் நர்ஸாக வந்தது ஐம்பத்தொன்றாம் வருடம், இருபத்தைந்து வயதில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் பின்கூடத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டரை ஏற்றி, குழந்தை எடைபார்க்கும் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கே ஊசி போட்டுக்கொண்டு வீரிட்டு அழுத பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதே கூடத்துக்கு வந்தார்கள்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே கக்குவான் இருமலில் இரண்டு குழந்தைகள் போனதை அவள் பார்த்திருந்தாள். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல் எழும். அதை ஒருமுறை கேட்டவர்கள் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று வாதாட மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். ஆனால் எழுபத்தேழில் ஊசிக்கு வந்த தாய்மார் யாரும் அந்தக் கூவலைக் கேட்டவர்கள் அல்ல. அவர்கள் பார்த்தது தொலைக்காட்சியை. கக்குவான் ஊசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளை அதில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுகாதாரத் துறை அனுப்பிய கையேடும் எச்சரித்தது. பிள்ளைக்கு வலிப்பு வந்திருந்தாலோ, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தாலோ கக்குவான் மருந்து கூடாது. தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸுக்கும் மட்டும் போட்டால் போதும். நெஸ்டா கையேட்டை மீறுகிறவள் அல்ல.

அந்த வருடம் அக்டோபரில் டெலித் தன் மூன்று மாதப் பையன் எமிரைக் கொண்டுவந்தாள். புருஷன் க்விலிம் குவாரியில் கல் பிளப்பவன். மூத்தவள் நியாவுக்கு ஆறு வயது.

"என்னடி இது, கல்லு மாதிரி கனக்கிறான்?" என்றாள் நெஸ்டா, தராசில் கிடத்தியபடி.

"அப்பன் குவாரியிலேருந்து தூக்கிட்டு வந்துட்டாரு நர்ஸ். எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு."

கூடமே சிரித்தது. நெஸ்டா கேள்விகளைக் கேட்டுக்கொண்டே அட்டையை நிரப்பினாள். வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா?

"இல்லையே. யாருக்கும் இல்ல."

நெஸ்டாவின் பேனா நின்றது. டெலித்துக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு இரண்டு தடவை வலிப்பு வெட்டு வந்தது. ஓடிப்போய் ஈரத்துணி போட்டவளே நெஸ்டாதான். டெலித்தைப் பெற்றவள் இப்போது உயிரோடு இல்லை. அதை அறிந்த ஆள் ஊரில் வேறு யாரும் இல்லை.

"உனக்கு வந்திருக்கு கண்ணு. சின்னதுல."

"எனக்கா? நியாவுக்கு எல்லாம் போட்டீங்களே?"

"அப்ப நான் இப்படித் துருவித் துருவிக் கேக்கல. கேட்டிருக்கணும்."

"இவனுக்கும் போட்டுடுங்களேன்."

நெஸ்டாவுக்கும் அதுதான் ஆசை. எழுந்துபோய் ஊர் டாக்டர் ஹம்ஃப்ரிஸுக்குப் போன் செய்தாள். "புத்தகத்துல என்ன இருக்கு நெஸ்டா? கூடாதுன்னுதானே? நாளைக்கு அவனுக்கு வெட்டு வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் அவர். நெஸ்டா திரும்பி வந்து 'கக்குவான் வேண்டாம்' என்று எழுதினாள். குளிர்பெட்டியிலிருந்து மற்ற மருந்தை எடுத்துப் போட்டாள். போலியோ சொட்டு கொடுத்தாள். எமிர் ஒரு கத்துக் கத்திவிட்டு உடனே சிரித்தான்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இருமினார்கள். நியாவுக்கும் லேசாக இருந்தது, விளையாட்டைக்கூட விடவில்லை. பத்து நாள் கழித்து எமிருக்கு வந்தது. க்விலிம் ஓடிவந்து கூப்பிட, வாசலில் கால் வைத்ததுமே நெஸ்டாவுக்கு அந்தக் கூவல் கேட்டது. பிள்ளையை மார்போடு அணைத்துக் காரில் ஏறினாள். கடலோர ஊரின் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். நுரையீரலில் சளி கட்டி, ஆறாம் நாள் காலையில் எமிர் இறந்தான்.

"ஊசி போட்டிருந்தாலும் அந்த வயசுக்குள்ள முழுசாக் காப்பாத்தியிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் ஹம்ஃப்ரிஸ். நல்ல மனதோடுதான் சொன்னார். காப்பாற்றியிருக்காது என்றும் சொல்ல முடியாதே என்று நெஸ்டா அவரிடம் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். க்விலிம் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தேநீர் வைக்க உள்ளே போனான். டெலித் கணப்பின் முன்னால் இருந்தாள். திரும்பவில்லை.

"எனக்கு வலிப்பு வந்தது எனக்கே ஞாபகம் இல்ல நர்ஸ். உங்களுக்கு எதுக்கு ஞாபகம் இருந்துச்சு?"

க்விலிம் தேநீர் கொண்டுவந்தபோது நெஸ்டா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "குடிச்சிட்டுப் போங்க" என்றான். சுடச்சுடக் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரமே அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து 'வேண்டாம்' என்று தான் எழுதியவற்றைப் பிரித்தாள். எமிருடையது தவிரப் பத்தொன்பது அட்டைகள். பிள்ளைக்கே வலிப்பு வந்த நான்கை ஓரமாக வைத்தாள். மிச்சத்தை ஹம்ஃப்ரிஸின் மேஜையில் பரப்பினாள்.

"புத்தகம் மாறலையே நெஸ்டா."

"மாற வேண்டாம் டாக்டர். ரெண்டு ஆபத்தையும் அவங்ககிட்ட சொல்றேன். இருமலு எப்படி இருக்கும்னு நானே சொல்றேன். கேட்டுட்டு அவங்க சொல்லட்டும். சரின்னா நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கேட்டுட்டு வா, போடறேன்" என்றார். பதினைந்து வீட்டுக்கும் மழையில் நடந்தாள். எட்டுப் பேர் சம்மதித்தார்கள். ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்: "போன மாசம் விஷம்னீங்க, இப்ப மருந்துங்கறீங்க. எதை நம்பறது?" விஷம் என்று நெஸ்டா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் மறுக்காமல், "கோபப்படு, பரவாயில்ல. பிள்ளைய மட்டும் ஒருதடவை யோசி" என்றாள். அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து டெலித்துக்கு மறுபடி ஒரு பெண் பிறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் நெஸ்டா வாசலைப் பார்த்தபடி இருந்தாள். டெலித் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பக்கத்து டவுன் கிளினிக்கில் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு வந்தாள் என்று யாரோ சொன்னார்கள். 'எல்லாமா?' என்று கேட்டு, 'எல்லாம்தான்' என்று தெரிந்ததும் நெஸ்டா பின்கூடத்துக் கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பின்னால் கையேடும் மாறிவிட்டது. வீட்டில் யாருக்கோ வலிப்பு என்பது ஊசியை நிறுத்தக் காரணம் ஆகாது என்று அச்சிட்டு வந்தது. நெஸ்டா அந்தப் பக்கத்தைக் காரிலேயே உட்கார்ந்து படித்தாள். பிறகு அன்றைய வேலைக்குப் போனாள்.

ஓய்வுபெற்ற மறுவருடம் ஒரு மத்தியானம், பஸ்ஸில் அவள் பக்கத்து இடத்தில் டெலித் வந்து உட்கார்ந்தாள். வேறு இடங்கள் காலியாகத்தான் இருந்தன. மூன்று நிறுத்தம் தாண்டியதும் டெலித் அவள் பக்கம் திரும்பினாள்.

"நர்ஸ், அன்னைக்கு நீங்க வேண்டாம்னு எழுதினீங்கல்ல?"

"ம்."

"வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான் பாடிக்கிட்டே போனேன். போடுங்கன்னு வாயால கேட்டேனே தவிர, டிவியப் பாத்துட்டு உள்ளுக்குள்ள பயம். நீங்க வேண்டாம்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. க்விலிம்கிட்டகூட இதச் சொன்னதில்ல." மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டினாள். "உங்களத் திட்டிட்டே இருந்தா அது மறந்துபோகும்னு பாத்தேன்."

"மறந்துச்சா?"

"எங்க."

நெஸ்டா அவள் கையைப் பிடிக்க நினைத்தாள், பிடிக்கவில்லை. "எனக்கும் அன்னைக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு கண்ணு. புத்தகத்துல இருக்கற மாதிரி செஞ்சுட்டோம்னு" என்றாள்.

டெலித் தலையசைத்தாள். தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து, "மழை வலுக்கப் போவுது, பாத்துப் போங்க" என்று சொல்லி இறங்கினாள். அதற்குப் பிறகு கடையிலோ தெருவிலோ கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள், விலைவாசியைப் பற்றி, நியாவின் கல்யாணத்தைப் பற்றி. எமிரின் பெயரை இருவரும் எடுத்ததே இல்லை.