பேசியவர்கள் பெயர்

கோவையிலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்தால் பச்சையும் புகையும் கலந்த ஒரு வாடை வரும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அது நகக்கண்ணை விட்டுப் போகாது. வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கரும்பலகைக்குப் பூசுவது "லீடரு" வேலை. ஐந்தாம் வகுப்பில் நான்தான் லீடர் என்பதால் வெள்ளிக்கிழமைச் சாம்பார் சாதத்தில் எனக்கு மட்டும் கோவையிலை மணக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகும் சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. அந்த இருவரில் ஒருவர் எப்போதும் நீண்ட விடுப்பில் இருப்பார்.

போன வாரம், நான் இப்போது பாடம் நடத்தும் பள்ளிக்கு ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "எம்பொண்ணு டீச்சருக்குத்தான் படிப்பேன்னு சொல்லிக்கினு கீதுங்க. இப்பலேர்ந்தே இன்னா செய்யணுங்க?" என்று கேட்டாள். அன்று எனக்குத் தலைவலி. "நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன். அது சோம்பேறித்தனமான பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

என் அம்மா களையெடுக்கவும் கரும்புக்குத் தோகை உரிக்கவும் போகிறவள். அவள் பார்த்த வேலைகளிலேயே பெண்கள் நிழலில் நின்று செய்கிற வேலை டீச்சர் வேலை ஒன்றுதான் என்பதால், எனக்கு ஏழு வயதாகும்போதே அதை எனக்கென்று முடிவு செய்துவிட்டாள். அதற்கு அவள் வைத்திருந்த பாடத்திட்டம் மூன்றே வரி. "தொண்ட ஓணும்டி, கடைசில குந்திக்கினு கீறதுக்கும் கேக்கணும்." இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வாசகம் வாசிக்க என்னை முன்னால் தள்ளிவிடுவாள். "எழுத்து குண்டு குண்டா இருக்கணும்." இதற்காகப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கமெல்லாம் நிரப்பினேன். "பல்லு தெரியக் கூடாது, சிரிச்சா எந்தப் புள்ளையும் பயப்படாது." இதைக் கண்ணாடி முன் நின்று அவ்வளவு ஒழுங்காகப் பழகினேன், பக்கத்து வீட்டு அக்கா வந்து வயிற்றுவலியா என்று கேட்கும் அளவுக்கு.

டீச்சர் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டம் என்று கிளம்பும் நாட்களில் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போவேன். உயிரெழுத்து நடத்துவேன். அதைவிட முக்கியமான வேலை, பலகையின் வலது மூலையில் "பேசியவர்கள்" என்று எழுதி, கீழே கோடு போட்டு, வாய் திறந்தவர் பெயரையெல்லாம் அதில் ஏற்றுவது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் "மிக" என்று சேர்ப்போம். இன்னொரு தடவை பேசினால் "மிக மிக". தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இந்தப் பட்டியலை நான் விளக்க வேண்டியதில்லை. பாதிப்பேர் அதில் இருந்திருப்பீர்கள், மீதிப்பேர் அதை எழுதியிருப்பீர்கள்.

அந்த வருடம் தை மாதத்தில் கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்த குடும்பங்களில் ஒன்று, தன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் விட்டது. மூத்தவள் அலமேலுவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தையே அதற்குமுன் பார்த்திராததால் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். தம்பிக்கு நாலு வயதிருக்கும், விட்டுவிட்டு வர ஆளில்லாததால் அவனையும் இடுப்பில் தூக்கி வந்துவிடுவாள். நான் பலகையில் எழுத எழுத, இவள் அவன் விரலைப் பிடித்து மண்தரையில் அதையே எழுத வைப்பாள். "மொதல்ல சுழி போடு. அப்டியே வளைச்சி இழு. இப்ப பக்கத்துல ஒரு கோடு. அவ்ளோதான்டா, வந்துச்சி பாரு!" தம்பிக்குச் சொன்னதைக் கேட்டுப் பக்கத்துப் பிள்ளை எழுதியது. அதற்குப் பக்கத்துப் பிள்ளையும் எழுதியது. ஒருநாள் நான் 'அ' எழுதிவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பு மொத்தமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமேலுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். இதை நான் மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அவள் அரட்டை அடிக்கவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத எழுத்து அவள் முணுமுணுத்தால் ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது. குண்டு குண்டாக எழுதினேன்: அலமேலு, மிக மிக மிக.

டீச்சர் மதியம் டவுன் பஸ்ஸில் இறங்கி வெயிலில் நடந்து வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பலகையைப் பார்த்தார், மூன்று "மிக" ஒரே பெயருக்குத்தான் இருந்தது. என்ன பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் முட்டி போடச் சொன்னார். கெட்டவர் இல்லை அவர், ஓய்ந்துபோனவர். அந்த ஓய்ச்சல் எப்படிப்பட்டது என்று இன்று எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அலமேலு முட்டி போட்டாள். யாரும் சொல்லாமலே அவள் தம்பியும் பக்கத்தில் போய் முட்டி போட்டுக்கொண்டான். மணி அடிக்கும்வரை இரண்டும் அப்படியே இருந்தன.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டீச்சர் பெரிய வகுப்புகளைப் பார்க்க, ஒன்றாம் வகுப்பு எனக்கு நேராக உட்கார்ந்து, எதுவும் விளங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா, அரிக்கும் தோகைச் சுணை போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, தன்பாட்டுக்குச் சொன்னாள். "அந்த மலைக்காரப் பொண்ணு கொல்லில தோகை பொறுக்கிக்கினு கெடக்குது. ஏம்மா இஸ்கூலுக்குப் போவலன்னு கேட்டா, பேசனா முட்டி போடணும், எனக்குப் பேசாம இருக்க வராதுன்னுது. யாருடி பேரு எழுதனது?"

சொன்னேன். எதற்காக எழுதினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிப்பதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "ஒரு புள்ளைய வரவெக்க வக்கில்ல, தொரத்தத்தான் தெரியுதுன்னா நீ இன்னாடி டீச்சரு?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அவள் போட்டுக் கொடுத்த பாடத்திட்டத்தில் இது இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு கொல்லைக்குப் போனேன். அலமேலுவைக் கையோடு பள்ளிக்கு அழைத்துப் போவதுதான் எண்ணம். அங்கே தோகைக் குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டு முடிந்துவிட்டது, வெயில் ஏறுமுன் வண்டி வருகிறது, மலைக்குப் போகிறோம் என்றாள் அலமேலுவின் தாய். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அலமேலு என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லீடரக்கா, ரெண்டு நாளா இன்னா நடத்துன?"

கரும்புக் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். குச்சியால் மண்ணில் எழுதினேன். அவள் தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். இந்த எழுத்துக்கு எங்கே ஆரம்பிக்கணும், ஏன் இதற்கு மட்டும் கால், இதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன், அப்போது சிரிப்பும் வந்தது, பல் தெரியச் சிரித்தேன். 'ஓ' வரைக்கும் வந்திருந்தோம், டிராக்டர் வந்துவிட்டது. சட்டி பானைகளுக்கு மேல் அவளை ஏற்றி உட்காரவைத்தார்கள். வண்டி திரும்பும்வரை "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. துணை லீடர், நேரத்துக்கு வராத என் பெயரையும் பட்டியலில் ஏற்றி, அவளுக்கிருந்த ஆசைக்கு நாலு "மிக" போட்டிருந்தாள். டீச்சர் என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டி அடியை வாங்கிக்கொண்டேன்.

இது நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. நான் டீச்சர் ஆகிவிட்டேன், பாதி. தகுதித் தேர்வில் தேறிவிட்டு நியமன ஆணைக்காகக் காத்திருக்கிறேன். காத்திருக்கும் காலத்துக்கு அதே கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் தற்காலிக வேலை. "நெரந்தரம் ஆச்சாடி?" என்று அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்கிறாள். வந்த புதிதில் அலமேலுவைத் தேடினேன். ஊருக்கு நாலு அலமேலு இருக்கிறார்கள், ஒருத்திக்கும் என்னைத் தெரியவில்லை. இப்போது தேடுவதில்லை, நேரமும் இல்லை. காலையில் வருகைப் பதிவை ஆப்பில் ஏற்ற வேண்டும், மதியம் சத்துணவு முட்டையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். இறங்கி வரும்போது பாடம் நடத்தும் தெம்பு பாதி போயிருக்கும்.

கோவையிலைக்கு இங்கே வேலையில்லை, பலகை பச்சை நிறத்தில் வழவழவென்று இருக்கிறது. பேசியவர்கள் பட்டியலும் இல்லை, நான் போட விட்டதில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை என்பதுதான் உண்மை. பிழைப்புக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஆறு பேர். அந்தத் தாய் கூட்டிவந்த சிறுமி மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான்.

நேற்று பாறையிலிருந்து இறங்கி உள்ளே வந்தபோது ஆறு பேரும் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து வயதில் நான் கத்திக் கத்திக் கேட்டும் கிடைக்காத அமைதி அங்கே கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மாதா கோயிலில் பழகிய அதே குரலில், "கையை எடுங்க. பேசுங்க, சும்மா பேசுங்க" என்றேன்.

டீச்சராகப் போகிற அந்தச் சிறுமி ஆளில்லாத தன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாருகூட டீச்சர்?" என்று கேட்டாள்.

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். உட்கார முட்டி வலித்தது.