ஜெயசீலன் அண்ணாச்சியின் இடது கையும் என் நாலு கம்பியும்

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பது வீட்டுக்குக் கடைக்கால் போடுகிற வேலை மாதிரி. கிரகப்பிரவேசத்துக்கு வருகிற யாரும் குனிந்து கடைக்காலைப் பார்ப்பதில்லை.

பாடகருக்கு மாலை விழும். டிரம்ஸ்காரருக்கு விசில் விழும். எனக்கு விழுந்ததெல்லாம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒயர் சுருட்டுகிற வேலைதான். வார நாட்களில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், சனி ஞாயிறுகளில் ராயபுரத்து மெல்லிசைக் குழுவில் பேஸ். தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பத்து வருடம் இப்படி ஓடியது. இதைப் படிப்பவர்களில் யாராவது டிரம்ஸுக்கும் பின்திரைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு நின்று வாசித்தவராக இருந்தால், நாம் ஒரே சாதி. நான் சொல்லாமலே என் பயம் உங்களுக்குத் தெரியும். 'இவன் இல்லாமலே பாட்டு நல்லாத்தானே இருக்கு' என்று யாராவது ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிற பயம்தான் அது. கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் சில சில்லறைத் துன்பங்கள்.

மீதி ரெண்டு எங்கே?

ஒருநாள் வேலைக்குக் கிடாரோடு கிளம்பி ராயபுரத்தில் ரயில் ஏறினேன். தார்ப்பாயில் தைத்த பை, ஜிப் பாதியில் நின்றுவிட்டதால் கிடாரின் நாலு கம்பியும் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. எதிர் இருக்கையில் காலிக் கூடையோடு எண்ணூர் திரும்புகிற மீன்கார அம்மா. "கிடாரா நைனா? எங்க அக்கா புள்ள ஒண்ணு வெச்சிகினு கீறான். அதுல ஆறு கம்பி கீதே" என்றார். இதில் நாலுதான் என்றேன். முகத்தில் அப்படி ஒரு பரிதாபம் வந்தது.

கொருக்குப்பேட்டையில் விளக்க ஆரம்பித்தேன். இது வேறு வாத்தியம், கம்பி தடிமனாக இருக்கும், சத்தம் அடியில் இருந்து வரும், பாட்டைத் தாங்குவதே இதுதான் என்று தண்டையார்பேட்டை தாண்டியும் சொல்லிக்கொண்டே போனேன். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டார். புரிந்துவிட்டது என்ற நிம்மதியோடு திருவொற்றியூரில் இறங்கினேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "அறுந்து போனா இன்னா, அதுக்குப் போயி வெக்கப்படாத நைனா! வேலைக்குப் போறல்ல, ஒண்ணொண்ணா வாங்கி மாட்டிக்க!"

அரை அங்குலம்

அந்தக் கிடார் நானே செய்தது. கடையில் வாங்குகிற வசதி அப்போது கிடையாது. உடம்புக்கு, துறைமுகத்தில் இருந்து எங்கள் தொழிற்சாலைக்கு மெஷின் வந்த பெட்டியின் பலகை. கழுத்துக்கு, யானைக்கவுனிப் பக்கம் பழைய மரம் விற்கிற கடையில் கிடைத்த தேக்கு நிலைக்கால். கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி, அதற்கு மரை போட்டது என் சொந்தக் கை. மிச்சம் இருந்தது ஃபிரெட் பட்டைகள்தான். கழுத்தின் குறுக்கே பதிக்கிற அந்தப் பித்தளைப் பட்டைகள் ஒவ்வொன்றும் இன்ன தூரத்தில்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போய்விடும். எங்கள் தெரு சர்ச்சில் ஒரு நல்ல பேஸ் கிடார் பீரோவில் பூட்டி இருந்தது. பூசை முடிந்து அரை மணி நேரம் அளந்துகொள்ள அனுமதி கிடைத்தது. சட்டைப் பையில் அடங்குமே என்று என் மனைவி ரேவதியின் தையல் டேப்பை எடுத்துப் போனேன். அளவுகளைத் தாளில் எழுதிவந்து, இரும்பு ஸ்கேல் வைத்துக் குறித்து, பட்டைகளை அடித்தேன்.

விரல் வைக்காமல் மீட்டினால் ஒரு சுருதி, விரல் வைத்தால் வேறு சுருதி. ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெட்டது. இரண்டு வாரம் மரத்தைத் திட்டினேன், பித்தளையைத் திட்டினேன், கடல் காற்றைத் திட்டினேன். கடைசியில் தப்பு என்னவென்று சொன்னது ரேவதி. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காருகிற சின்னப் பட்டையைப் பெயர்த்து அரை அங்குலம் உள்ளே நகர்த்தி ஒட்டினேன். எல்லாச் சுருதியும் ஒழுங்காக வந்து நின்றன. தொழிற்சாலையில் வெர்னியர் வைத்து மயிரிழை அளக்கிறவனுக்கு இது பெரிய அவமானம். ரேவதி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "டேப்போட முனை அந்து போயி ரெண்டு வருசமாவுது. நான் அரை இஞ்சு கழிச்சிகினுதான் அளக்குறேன். அளக்கறதுக்கு மின்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவ?"

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

ராயபுரத்து உப்புக் காற்று பேஸ் கம்பிக்கு எமன். புதுக் கம்பி இரண்டே மாதத்தில் துருவும் அழுக்கும் ஏறி, மணி மாதிரி ஒலித்தது மூட்டையைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. கம்பியைக் கழற்றிச் சுருட்டி, சமையல் சோடா போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டினால் இன்னும் ஒரு மாதம் ஓடும். ரேவதி கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிப் பானையில் அந்த வைத்தியத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது மாமனார் வந்துவிட்டார்.

என் மாமனார் எங்கள் தொழிற்சாலையிலேயே ஃபோர்ஜ் ஷாப்பில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பெரிய ஹாமருக்கு அடியில் பிடித்துக்கொண்டு முப்பது வருடம் நின்றவர். காது மந்தம். குக்கர் விசில் கேட்காது, பேத்தி கூப்பிட்டால் கேட்காது. ஆனால் தெருமுனையில் கன்டெய்னர் லாரி திரும்பினால் எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். என் மேடைக்கு அவர் வந்ததே இல்லை. "வந்து இன்னா செய்யப் போறேன்" என்பார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தியதில்லை. அன்றைக்கு, குழம்பு வேகிறது என்று நினைத்து மூடியைத் திறந்தவர் உள்ளே சுருண்டு கிடந்த நாலு கம்பியையும் நிதானமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். மூடியைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் முப்பது வருசம் இரும்பு காய்ச்சினவன்தான் மாப்ள. ஒரு நாளும் வூட்டாண்ட எட்த்துனு வந்து இட்லிப் பானையில வேவ வெச்சதில்ல."

பொட்டி

பேஸ் கிடாருக்குச் சாதாரண ஸ்பீக்கர் போதாது. அகலமான ஸ்பீக்கரும் அதற்கு ஒரு பெரிய மரப் பெட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் கம்பி ஆடுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு ஒன்றும் வராது. அதையும் மெஷின் வந்த பெட்டிப் பலகையிலேயே செய்தேன். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். 'கவனமாகக் கையாளவும்' என்பதற்காகப் பலகையில் அச்சடித்திருந்த கண்ணாடிக் கோப்பைப் படம் மேலே வருகிற மாதிரி பூட்டிவிட்டேன். மேடை ஆட்கள் எல்லோரும் அந்தப் படத்தின் மேலேயே டீ கிளாஸை வைத்தார்கள். முதல் சரணத்தில் கிளாஸ் நகர ஆரம்பிக்கும், இரண்டாவது சரணத்தில் விழும்.

வீட்டில் வைத்து நாலு நாள்தான் வாசித்தேன். ஐந்தாம் நாள் கீழ் வீட்டு அம்மா மாடி ஏறி வந்தார். அவரைச் சமாதானப்படுத்த வழியே இல்லாமல் பெட்டியை டிரைசைக்கிளில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், மெஷின் ஷாப் மூலையில் போட்டேன். ஷிஃப்ட் முடிந்து அங்கேயே பழகிக்கொள்ள மேஸ்திரி சம்மதித்தார். கீழ் வீட்டு அம்மா சண்டைக்கு வரவில்லை, நியாயம் கேட்கத்தான் வந்தார். "நீ இன்னா பாட்டு வாசிக்கிறன்னு சத்தியமா எனுக்குக் கேக்கல தம்பி. எங்க வூட்டு டம்ளருங்களுக்குத்தான் கேக்குது. ஒவ்வொண்ணா எறங்கி வருது."

இடது கை

எங்கள் குழுவின் தலைவர் ஜெயசீலன் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் கயிறும் கப்பியும் விற்கிற கடை. கீபோர்டு அவர்தான். ஒருநாள் ஒத்திகைக்குப் புதுக் கீபோர்டோடு வந்தார். வலது கைக்கு வயலின், இடது கைக்கு பேஸ் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிற வித்தை அதில் இருந்தது. இடது கையால் அண்ணாச்சி நான் வாசிக்கிறதை எல்லாம் வாசித்தார். தப்பில்லாமல் வாசித்தார் என்பதுதான் எனக்கு வலித்தது. வேனில் என் கிடாருக்கும் அந்தப் பெட்டிக்கும் ஆகிற இடத்தில் இரண்டு பாடகர்கள் உட்காரலாம் என்றார். அதுவும் நிஜம்.

வீட்டுக்கு வந்து ரேவதியிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை, அழுகைதான். பத்து வருடமாக எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவு மரியாதையாக வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அண்ணாச்சி கோபப்பட்டிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவர் என் தோளில் கை போட்டு, எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்து அல்லவா சொன்னார்: "தப்பா எடுத்துக்கிடாதேயும். உம்ம மேல ஒரு கொறையும் இல்ல. உம்ம வேலைய என் இடது கையே பாத்துருது, அவ்வளவுதான்."

ஆயுத பூஜை

அந்த வருட ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் அண்ணாச்சியின் குழுதான் கச்சேரி. ஏற்பாடு நான் குழுவில் இருந்தபோது செய்தது. வாசிக்க மட்டும் நான் இல்லை. வீம்புக்கு ஒரு காரியம் செய்தேன். காலையில் லேத்துக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைத்த கையோடு, என் கிடாருக்கும் மூலையில் கிடந்த பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையில் சேர்த்துவிட்டேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. இனி யார் கேட்டாலும் எடுக்க முடியாது என்று எனக்கு நானே பூட்டிக்கொண்ட பூட்டு அது. யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

மத்தியானம் ஷெட்டில் கச்சேரி. வருடா வருடம் ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிடுவார்கள். முதல் வரிசை முழுக்கப் பழைய ஃபோர்ஜ் ஷாப் ஆட்கள், மடியில் பொரிகடலைப் பொட்டலம். நடுவில் என் மாமனார், பக்கத்தில் நான். மேடையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். அண்ணாச்சியின் இடது கை பேஸ் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. குழாய் வழியாக அது வெளியே வரவில்லை, பாடகியின் குரலும் வயலினும்தான் வந்தன. மூன்று பாட்டு முடிந்தது. பின்னால் ஒரே கைதட்டல். முதல் வரிசை மட்டும் பொரி தின்றுகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. காது மந்தமானவர்கள் பேசினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலாவது பாட்டின் நடுவில் மாமனார் என் பக்கம் திரும்பி, ஷெட்டே கேட்கிற மாதிரிக் கேட்டார்: "இன்னா மாப்ள, மணி மூணாவுது. பாட்டு எப்போ ஆரம்பிப்பாங்கோ?"

வரிசையே தலையாட்டியது. பாடகி பாடுவதை நிறுத்திவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை, அவர்கள் எல்லோரும் அந்த ஹாமர் பக்கத்தில் நின்றவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி முதல் வரிசையைப் பார்த்தார், இரண்டு குழாயையும் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பொட்டி இங்கனதான கெடக்கு?" என்றார். பூஜையில் இருக்கிறது என்றேன். மேஸ்திரி கையை விரித்தார். விஷயத்தை மாமனாரின் காதில் கத்திச் சொன்னேன். அவர் எழுந்து போனார். கிடார் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "சாமி ஒண்ணும் கோச்சிக்காது, நீ வாசி. அதும் எங்களாட்டம் இந்த ஷாப்புலயே கெடக்குது, அதுக்கும் காது போயிருக்கும்."

நாலு பேர் பெட்டியைத் தூக்கிவந்து மேடைக்குக் கீழே வைத்தார்கள். நின்ற பாட்டை முதலில் இருந்து எடுத்தார்கள். நான் கை வைத்ததும் முதல் வரிசையில் பொரி தின்பது நின்றது. ஒருவர் நாற்காலிக் கையைத் தட்டினார், இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வைத்தார். மாமனார் எழுந்து வந்து, குங்குமம் காயாத அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாட்டு முழுவதும் நின்றார். இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். பாட்டு முடிந்ததும் பெட்டியில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "கேக்குது மாப்ள. நிறுத்தாத."

சாயங்காலம் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் ஒரு ஒயரை எடுத்துச் சுருட்டினார். அதுவே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது சொன்னார்: "ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்குப் பொட்டி கண்டிப்பா வரணும், கேட்டீரா. அதுகூட நீரும் வாரும்."

ஆக, சக பேஸ்காரர்களே, பத்து வருடம் வாசித்து நான் தேடிய பெயரை என் பெட்டி ஒரே மத்தியானத்தில் வாங்கிக்கொண்டது என்றாலும், அதைத் தூக்குகிற ஆள் என்ற முறையில் குழுவில் என் இடம் இன்றுவரை பத்திரம்.