அங்கியின் மடிப்பு

கழுத்துக் கொக்கி மாட்டவில்லை. இராசேஸ்வரி இன்னொரு தடவை இழுத்து மாட்டினாள்.

"அசையாதேங்கோ."

இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வழக்குகளுக்கு யாரும் கறுப்பு அங்கி அணிவதில்லை. இந்தக் கிழ வக்கீல் அணிவார். முந்திய நாள் அவள்தான் அதற்கு இஸ்திரி போட்டாள். பழைய ஆங்கில நாவல்களில் வரும் பாரிஸ்டர்கள் என்றால் அவருக்கு உயிர். கண் மங்கிய பிறகு, லிபெர்த்தா வீதி வீட்டில் அவரைப் பராமரிக்க வந்த அவளே தினமும் நாலு மணிக்கு வாசித்துக் காட்டுவாள். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் ஆங்கிலத் தட்டச்சு செய்தவள். ஆறு வருடம், பதினெட்டு நாவல்.

வாசிப்புக்கு நடுவே பேச்சு வரும். பாரிஸ்டர் ஆள் பார்த்து வழக்கு எடுக்கக் கூடாது, முதலில் நிற்கும் டாக்சி போல வருகிறவனை ஏற்றிப் போக வேண்டும் என்பார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் போர்கோ வெக்கியோவில் தான் இருந்த வாடகை வீட்டைப் பற்றிச் சொல்வாள். ஒப்பந்தத்தில் இல்லாத ஆள் இருப்பதாக வீட்டுக்காரன் வழக்குப் போட்டிருந்தான், சாட்சி இல்லை. தங்கை மகள் நிரோசினி இருப்பது உண்மை. அதையும் சொன்னாள்.

"யாரிடமும் சொல்லாதே" என்று அவர்தான் எச்சரித்தார்.

"இண்டைக்கு எனக்கும் வழக்கு" என்றாள், கொக்கியை மாட்டி முடித்து.

"தெரியும்" என்றார்.

பத்து மணிக்கு நீதிமன்றத்தில் வீட்டுக்காரன் பக்கத்திலிருந்து அந்த அங்கி எழுந்தது. மடிப்புக் கலையவில்லை.

"அங்கே ஒரு பெண் படுக்கிறாள். சமையலறை சோபாவில். மார்ச்சிலிருந்து."

நீதிபதி அவளைக் கேட்டார். "ஓம்" என்றுதான் வாயில் வந்தது. பிறகு இத்தாலிய மொழியில் சொன்னாள். ஒரு மாதத்தில் வீட்டை விடச் சொன்னார்கள்.

வெளியே கிழவரை மறித்தாள்.

"அவன் முதலில் வந்தான்" என்றார். "நீ என்னிடம் வழக்குத் தரவில்லை. கதை சொன்னாய்."

"வந்தவனை ஏத்தினது சரி. என்ரை சோபாவையும் ஏன் ஏத்தினனீங்கள்?"

அவர் கைத்தடியைத் தேடினார். அது அவள் கையில் இருந்தது. கொடுத்தாள்.

வீட்டில் நிரோசினி கேட்டாள்: "பெரியம்மா, அந்தாளுக்கு இனி ஆர் வாசிக்கிறது?"

"நான்தான். வேலை இல்லாட்டி இஞ்சை இருக்கிற permesso, அனுமதி, இல்லையடி."

மறுநாள் எட்டு மணிக்குப் போனாள். மாத்திரை கொடுத்தாள். அங்கியைத் தோய்த்துக் காயப்போட்டாள். நாலு மணிக்கு, விட்ட பக்கத்திலிருந்து அத்தியாயம் முடியும்வரை வாசித்தாள். இடையில் எதுவும் கதைக்கவில்லை. ஐந்து மணிக்கு பிரான்காச்சோவில் வீடு பார்க்க பஸ் ஏறினாள்.