மஞ்சள் கட்டம்

போன வாரம் நத்தத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். மாம்பழ மொத்த வியாபாரி. நான் பெங்களூருவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டிய கதையை இந்தப் பக்கத்தில் எப்போதோ எழுதியது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. கடைக்கு ஒரு வெப் ஆப் செய்ய வேண்டுமாம், எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்றுதான் குழப்பம். பி.எச்.பி.யில் செய்யலாமா, பைத்தானா, இல்லை, ரியாக்ட் - நோட் என்கிறார்களே அதுவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீங்கள் சொல்வதைத்தான் செய்யப் போகிறேன் என்றார்.

முன்பென்றால் இரண்டு மணி நேரம் விளாசியிருப்பேன். இப்போது ஒன்றே ஒன்று கேட்டேன். உங்கள் கடையில் போனை எடுத்துப் பேசுவது யார்? அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். மனிதருக்கு ஏமாற்றம். இந்த ஆளுக்குத் தொழில் மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மறந்திருந்தால் தேவலை...

ஊர் திரும்பிய புதிதில், திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். மண்டபத்துக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் என்றைக்கோ பி.எச்.பி.யில் எழுதிக் கொடுத்தது. மாதக் காலண்டர் மாதிரி கட்டங்கள். காலியான தேதி வெள்ளை, புக் ஆனது சிவப்பு. அங்கங்கே சில கட்டங்கள் மட்டும் மஞ்சள்.

உள்ளே திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஃபைலில் எல்லாம் கிடந்தது, கல்யாணத்துக்கு மறுநாள் ஸ்டோர் ரூம் மாதிரி. எழுதியவரை முதலாளி முன்னாலேயே கிண்டல் செய்தேன்.

பிறகு ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டேன் பாருங்கள்! ஒரு பக்கம் பி.எச்.பி., நடுவில் பைத்தான் - ஜாங்கோ, அந்தப் பக்கம் ரியாக்ட் - நோட். வேகம், பாதுகாப்பு, செலவு, நாளைக்கு ரிப்பேருக்கு ஆள் கிடைப்பது... எல்லாவற்றுக்கும் மார்க். மூன்று வாரம் இதே வேலை. முதலாளிக்கு ஒரு வரி புரியவில்லை. ஆனால் பயங்கர சந்தோஷம். நோட் ஜெயித்தது. ஜெயிக்க வேண்டும் என்று முதல் நாளே நான் முடிவு செய்திருந்தது வேறு விஷயம்.

மண்டபத்து மேனேஜர் சுப்பையா அண்ணன். இருபது வருஷமாக அங்கேயே இருப்பவர். புது ஆப்பைக் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செத்த நேரம் பார்த்தார்.

"இதுல மஞ்சளக் காணமே தம்பி?"

புக் ஆகியிருக்கிறதா, இல்லையா, இரண்டே கேள்விதான் அண்ணே, மூன்றாவதெல்லாம் பழைய குழப்பம் என்றேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அந்த மஞ்சள் எதற்கு என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன? ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

எதற்கு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஜாதகம் பொருந்தியிருக்கும், பேச்சும் முடிந்திருக்கும், வெற்றிலை பாக்கு மட்டும் மாற்றியிருக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால் சம்பந்தம் தட்டிப் போய்விடும் என்று இந்தப் பக்கம் ஒரு பயம். அதனால் சுப்பையா அண்ணனிடம் வந்து தேதியை வாயால் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். அவர் சரி என்றால் சரிதான். ரசீது கிடையாது. அந்தச் 'சரி'தான் மஞ்சள்.

என் ஆப்பில் அந்தத் தேதிகளெல்லாம் காலி. போதாததற்கு ஆன்லைன் புக்கிங் வேறு திறந்துவிட்டிருந்தேன்.

சேவுகம்பட்டியில் பூ விவசாயம் செய்யும் பெருமாள், மகள் கல்யாணத்துக்கு ஆவணியில் ஒரு முகூர்த்தத்தைச் சொல்லி வைத்திருந்தார். நிச்சயம் முடிந்த மறுநாள் அட்வான்ஸோடு வந்தார். அந்தத் தேதியை யாரோ வெளியூர்க்காரர் ஆன்லைனில் எடுத்து, பத்திரிகையும் அடித்துவிட்டிருந்தார். ஏதோ வேலையாக நானும் அன்றைக்கு மண்டபத்து ஆபீஸ் ரூமில் இருந்தேன்.

பெருமாள் சத்தம் போடவில்லை. "நீங்க சொல்லிட்டீகன்னுதானண்ணே மாப்ள வீட்டுக்கு நான் வாக்குக் குடுத்தேன்," என்றார்.

சுப்பையா அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "எம்மேலதான் தப்பு, பெருமாளு. மறந்துட்டேன்," என்றார்.

இருபது வருஷத்தில் அவர் ஒரு தேதியை மறந்ததில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆப்பில் விட்ட தப்பைக்கூட மன்னிக்கலாம், இதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. ஊரில் எல்லா மண்டபமும் நிரம்பிவிட, கடைசியில் கிடைத்தது ஒரு மாடி ஹால். குறுகலான படி. சுப்பையா அண்ணன் தன் மண்டபத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, விடியற்காலையிலிருந்து அந்தப் படியில் நின்று வயசானவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். நானும் போயிருந்தேன். பந்தியில் உட்காரத் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். அந்த வீட்டு அம்மா ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்து பெருமாளிடம் கேட்டார்: "ஏனுங்க, பெரிய மண்டபம்னு சொன்னீங்களே... அதும் சும்மா வாய்ப்பேச்சுங்களா?"

பெருமாள் சிரித்து வைத்தார். சுப்பையா அண்ணன் படியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே மஞ்சளைச் சேர்த்தேன். அரை மணி நேர வேலை. பி.எச்.பி.யாக இருந்தாலும் அவ்வளவுதான், பைத்தானாக இருந்தாலும் அவ்வளவுதான். மூன்று வாரம் ஒப்பிட்ட மூன்றிலும் அது ஒரே மாதிரி ஈசி.

ஆனால் இப்போது யாராவது வந்து தேதி சொல்லி வைக்கக் கேட்டால், சுப்பையா அண்ணன் தலையைத் தூக்காமல் சொல்கிறார்: "நான் என்னத்தச் சொல்ல... கம்ப்யூட்டர்ல பாத்துக்கங்க."

அவ்வப்போது அந்த ஆப்பின் காலண்டரைத் திறந்து பார்ப்பேன். வெள்ளை இருக்கிறது, சிவப்பு இருக்கிறது. மஞ்சளாக இதுவரை ஒரு கட்டம்கூட இல்லை.